ஒழுக்கமா, நெறிமுறையா, அறமா? செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பயிற்சி ஆசிரியர்கள் கேட்பவை

ஐந்தாம் ஆண்டு வகுப்பு, திங்கட்கிழமை மூன்றாவது பாடவேளை. பயிற்றுப்பணிக்கு வந்திருந்த பயிற்சி ஆசிரியை கட்டுரைப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஆசிரியர் என்ற முறையில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு, ‘விடுமுறையில் தாத்தா வீட்டில்’. ஒரு பையனின் கட்டுரையில் தாத்தா மாட்டு வண்டியில் கூட்டிப் போகிறார், வயல் வரப்பில் நடக்கிறார்கள், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முறுக்குப் பிழிகிறார். அந்தப் பையனின் தாத்தாவை எனக்குத் தெரியும். சுங்கைப் பட்டாணியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருப்பவர். அங்கே மின்தூக்கி பாதி நாள் ஓடாது.

“இது நீ எழுதுனதா, சாட்ஜிபிடி எழுதுனதா?” என்று ஆசிரியை கேட்டார். பையன் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளைதான் வாயைத் திறந்தாள். குறும்பு ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்: “டீச்சர், நீங்களும் பாடத்திட்டத்த அதுலதானே எழுதுறீங்க?”

போன வாரம் புரொஜெக்டரில் மடிக்கணினியை இணைத்தபோது திரையில் என்ன திறந்திருந்தது என்பதை வகுப்பு முழுக்கப் பார்த்திருக்கிறது. ஆசிரியை சிரித்துச் சமாளித்தார். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர், தேத்தண்ணியைத் தொடவே இல்லை. “இதத்தான் சார் எங்களுக்கு ‘எத்திக்ஸ்’னு நடத்துனாங்க. அங்க உக்காந்து கேட்டப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு” என்றார்.

எங்கள் தமிழ்ப்பள்ளி மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் துவாங்கு பைனூன் வளாகம் பக்கத்திலேயே இருப்பதால் பயிற்சி ஆசிரியர்கள் வருவதும் போவதும் எங்களுக்கு வழக்கம். கோலாலம்பூரில் இதே வேலையைச் செய்யும் நண்பர் ஒருவரோடு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசிக்கொள்வேன். அங்கே வருகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்களாம். செயற்கை நுண்ணறிவின் அறத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதில் இவர்களில் யாருக்கும் மறுப்பில்லை. கற்பிக்க வேண்டியது எது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதியது. பெற்றோரும் படிக்கலாம்.

முதலில், அது எப்படி வேலை செய்கிறது?

சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30ஆம் தேதி. ஆனால் செயற்கை நுண்ணறிவு அதற்கு முன்பே நம் வீட்டில் இருந்தது. முகத்தைக் காட்டினால் திறக்கும் கைப்பேசி, பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்று முன்கூட்டியே சொல்லும் வேஸ், ஒரு சமையல் காணொளியைப் பார்த்துவிட்டால் பத்தை வரிசையில் நிறுத்தும் யூடியூப், எல்லாமே அதே குடும்பம்தான்.

வழக்கமான கணினி நிரலில், இப்படி வந்தால் இப்படிச் செய் என்று மனிதர் விதி எழுதுவார். செயற்கை நுண்ணறிவில் பெரும்பாலும் விதியை எழுதுவதில்லை. பூனைக்கு மீசை உண்டு, வால் உண்டு என்று சொல்லித் தராமல் ஆயிரக்கணக்கான பூனைப் படங்களைக் கொட்டுவார்கள். அவற்றில் பொதுவாக இருப்பதைக் கணினியே பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுக் குழந்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான் பூனையைத் தெரிந்துகொள்கிறது. ஒரு வேறுபாடு, குழந்தைக்கு இரண்டு பூனை போதும்.

சாட்ஜிபிடி போன்ற உரையாடும் செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகிக்கப் பழகியவை. ‘மழை’ என்று தொடங்கினால் ‘பெய்தது’ வர வாய்ப்பு அதிகம், ‘சமைத்தது’ வர வாய்ப்பு மிகக் குறைவு. இந்த ஊகத்தைத் தொடர்ந்து செய்தால் வாக்கியம் வரும், பத்தி வரும், மாட்டு வண்டி ஓடும் கட்டுரையும் வரும். உண்மையா பொய்யா என்பது அந்த ஊகத்துக்குள் தானாக வந்துவிடாது. ஒருமுறை ஒரு செயலியிடம் ‘கம்பி நீட்டுதல்’ என்ற மரபுத்தொடருக்குப் பொருள் கேட்டேன். ‘விடாமுயற்சியுடன் உழைத்தல்’ என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பதில் வந்தது. நழுவி ஓடிவிடுவதைத்தான் நாம் கம்பி நீட்டினான் என்போம். தப்பாகச் சொன்னதைவிட, கொஞ்சமும் தயங்காமல் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. தெரியாத பிள்ளை முதலில் தலையையாவது சொறியும்.

சரி, மாட்டு வண்டி எங்கிருந்து வந்தது? செயலி படித்த தமிழிலிருந்து. விக்கிப்பீடியாவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஆங்கிலத்தில் 60 இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் உண்டு, தமிழில் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அந்தக் குறைந்த தமிழுக்குள் மலேசியத் தமிழரின் வாழ்க்கை இன்னும் குறைவு. கணினியில் தமிழ் எழுத வழிசெய்தவர்களில் முன்வரிசைக்காரர் நம் ஊர் முத்து நெடுமாறன். அவருடைய முரசு அஞ்சல் 1980களிலேயே வந்துவிட்டது. விசைப்பலகை இவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்தும், நம் தாமான் குடியிருப்புகளையும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையையும் பற்றி நாம் அதில் தட்டி வைத்தது கொஞ்சம்தான். அதனால் ‘தாத்தா வீடு’ என்றதும் அந்தச் செயலிக்குத் தமிழ்நாட்டுக் கிராமம்தான் நினைவுக்கு வருகிறது. நினைவு என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வது.

ஒரு சொல்லில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் ‘எத்திக்ஸ்’, மலாயில் ‘எத்திகா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் அதற்கு ஒழுக்கம், நெறிமுறை, அறம் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. எந்தச் சொல் காதில் விழுகிறதோ அந்தப் பக்கம் சிந்தனையும் சாய்ந்துவிடுகிறது. வருகிற பயிற்சி ஆசிரியர்களிடம் இதை நான் பலமுறை சோதித்திருக்கிறேன். ஆய்வு ஒன்றுமில்லை, தேத்தண்ணி நேரத்து விளையாட்டு. ‘செயற்கை நுண்ணறிவும் ஒழுக்கமும்’ என்று சொல்லி ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டால் உடனே மாணவனைப் பற்றிச் சொல்வார்கள். நெறிமுறை என்றால் சுற்றறிக்கையும் விதியும் வரும். அறம் என்றால் கொஞ்ச நேரம் பேச்சே வராது. அப்புறம் யாரோ ஒருவருக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லத் தொடங்குவார்கள்.

மூன்றும் வேண்டியவைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஒழுக்கம் என்று பார்த்தால்

‘பார்த்து எழுதாதே, உன் சொந்தச் சொல்லில் எழுது.’ இது நமக்குப் பழகிய பாடம். நகல் எடுப்பதற்குப் பதிலாக இப்போது செயலியில் எழுதுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பயிற்சி ஆசிரியர்கள் நினைப்பதில் தப்பில்லை. அடுத்த கேள்வியாக, ‘கண்டுபிடிக்க ஏதாவது மென்பொருள் இருக்கா சார்?’ என்று கேட்பார்கள். அங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்துவேன்.

மென்பொருள்கள் இருக்கின்றன. நம்பத்தான் முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை வெளியிட்டுவிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் ‘இது இயந்திரம் எழுதியது’ என்று தவறாக முத்திரை விழுந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தப் பிழை மிகக் குறைவு. எளிய சொல், பழகிய வாக்கிய அமைப்பு என்று கவனமாக எழுதுகிற எழுத்தை அந்தக் கருவிகள் இயந்திர எழுத்து என்று எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, மூன்றாவது மொழியில் எழுதும் பிள்ளை அப்படித்தானே எழுதுவான்? எங்கள் பிள்ளைகள் மூன்று மொழியில் எழுதுகிறவர்கள்.

ஆக, மாணவனின் ஒழுக்கத்தைச் சோதிக்க ஆசிரியர் ஒரு கருவியைக் கையில் எடுத்தால், செய்யாத தப்புக்கு ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கும் வாய்ப்பும் கூடவே வருகிறது. அந்தத் தப்பு ஆசிரியருடையது. ஒழுக்கம் என்ற சொல்லுக்குள் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தச் சொல் வகுப்பறையில் எப்போதும் மாணவனை நோக்கித்தான் விரல் நீட்டும்.

அந்த மாட்டு வண்டிப் பையனைப் பிடிக்க மென்பொருள் தேவைப்படவில்லை. தாத்தா எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

நெறிமுறை என்று பார்த்தால்

‘எங்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்துட்டா போதும் சார், அதன்படி நடத்திடுவோம்.’ இந்தக் குரலையும் அடிக்கடி கேட்கிறேன். வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் 2021 நவம்பரில் செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றிய பரிந்துரையை ஏற்றன. ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று என்று 2024இல் அதே அமைப்பு இரண்டு திறன் சட்டகங்களை வெளியிட்டது. ஆசிரியர் சட்டகத்தின் ஐந்து பிரிவுகளில் அறம் தனியாகவே ஒரு பிரிவு. நம் நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், நம்பகமும் பாதுகாப்பும் கட்டுப்பாடும், அந்தரங்கமும் தரவுக் காப்பும், யாரையும் விடாமல் சேர்த்துக்கொள்வது, வெளிப்படை, பொறுப்பேற்பு, மனித நலமும் மகிழ்ச்சியும் என்று அதில் ஏழு கொள்கைகள். இது சட்டம் இல்லை. விரும்பி ஏற்க வேண்டிய வழிகாட்டி.

இந்த ஏழையும் சுவரொட்டியாக அச்சடித்து வகுப்பில் மாட்டினால் பிள்ளைகள் மனனம் செய்துவிடுவார்கள். நன்னெறிக் கல்வியில் நெறிகளை மனனம் செய்த அனுபவம் நமக்கு ஏற்கெனவே நிறைய உண்டு. அதனால் நான் பயிற்சி ஆசிரியர்களிடம் தொடக்கப்பள்ளிக்கு உடனே உதவும் இரண்டை மட்டும் சொல்வேன்.

ஒன்று வயது. கல்வியில் இவ்வகைச் செயலிகளைப் பயன்படுத்துவது பற்றி யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் பயன்படுத்தக் குறைந்த வயது 13 என்று வைக்கச் சொல்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்காரர்கள். கணக்கு எளிது. வகுப்பில் எல்லாரையும் கணக்குத் திறக்கச் சொல்லி நடத்தும் பாடம் தொடக்கப்பள்ளிக்கு உரியதில்லை. இதைச் சொன்னதும் பலருக்கு ஏமாற்றம், சிலருக்கு நிம்மதி. கணினி அறை பூட்டியிருந்தாலும், அருகலை (வைஃபை) படுத்துவிட்டாலும் பாடம் நடத்தலாம் என்று ஆகிவிடுகிறதே.

இன்னொன்று, ஆசிரியர் கையிலிருந்து வெளியே போகும் தரவு. ஒரு மாணவியின் எழுத்துப் புத்தகத்தைப் படம் எடுத்து, ‘இதைத் திருத்து’ என்று செயலிக்குள் போடுகிறோம். மேலே பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் இருக்கிறது. உள்ளே ‘அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது, ஆனால் அது மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளியில் அந்தப் புத்தகத்துக்கு முதல் காவல் ஆசிரியரின் கைதான். பெயரை மறைத்துவிட்டுப் படம் எடுக்கலாம் என்பார்கள். மறைக்கலாம். அந்த வரியை யார் மறைப்பது?

அறம் என்று பார்த்தால்

பழந்தமிழில் நீதிமன்றத்துக்கு அறங்கூறவையம் என்று பெயர். அறம் என்பது அங்கே தனிமனிதனின் நல்ல பழக்கத்தைத் தாண்டி, யாருக்கு எது நியாயம், தவறினால் யார் பதில் சொல்வது என்பதாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு நம் நீதிமன்றத்துக்கும் வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் சபாவின் கோத்தா கினபாலுவில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் தண்டனை எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு மென்பொருள் பரிந்துரைத்தது. மலேசியாவில் அதுதான் முதல்முறை. பழைய வழக்குகளின் தரவை வைத்து அது கணக்கிட்டது. ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில்தான் இருந்தது. இனம் என்ற விவரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாகப் பின்னர்ச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் ஒருவரின் இனத்தைக் கேட்காவிட்டாலும், அவர் எங்கே குடியிருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதிலிருந்தே அதைப் பாதி ஊகிக்க முடியும். இப்படிப் பின்வாசல் வழியாக வரும் பாரபட்சம் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி.

நிறத்தைப் பற்றிய எடுத்துக்காட்டு இன்னும் நேரடியானது. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடம் பிழை அதிகமாகப் போனால் 0.8 விழுக்காடு. கருந்தோல் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் யார் முகம் அதிகம் இருந்தது என்பதில்தான் வேர் இருக்கிறது. இதை எந்த வகுப்பில் சொன்னாலும் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் ஆசிரியர்களை உலுக்குவது மூன்றாவது எடுத்துக்காட்டு. 2020இல் கொரோனாவால் இங்கிலாந்தில், பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை. மாணவர்களுக்கு என்ன தரம் கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்களிடம் மதிப்பீடு வாங்கினார்கள். அதை அப்படியே ஏற்காமல், அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் பெற்ற முடிவுகளையும் சேர்த்து ஒரு கணக்கீட்டு முறையில் ஓட்டினார்கள். ஆகஸ்ட் 13ஆம் தேதி முடிவு வந்தபோது, ஏறக்குறைய 40 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் சொன்னதைவிடக் கீழே இறங்கியிருந்தன. இத்தனை காலம் பின்தங்கியிருந்த பள்ளியில் இந்த ஆண்டு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால், பள்ளியின் பழைய வரலாறு அவன் காலைப் பிடித்து இழுத்தது. ஒரு பாடத்தை ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ எடுத்த இடங்களில் மட்டும் ஆசிரியரின் மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவு சின்ன வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். தெருவில் பிள்ளைகள் கூடினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17ஆம் தேதி, அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அது இன்றைய பொருளில் செயற்கை நுண்ணறிவு கூட இல்லை, புள்ளியியல் கணக்குத்தான். ஆனாலும் நான் இதையே முதலில் சொல்வேன். ‘உன் பள்ளியின் பழைய அடைவு நிலைதான் உன் அடைவு நிலை’ என்று ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று பயிற்சி ஆசிரியர்களைக் கேட்டால் போதும், வேறு விளக்கம் வேண்டியிருக்காது. ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். பொதுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவு நிலையை ஆசிரியர்தான் குறிக்கிறார். முப்பது பிள்ளைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் குறிக்க வேண்டும், ஆண்டிறுதியில் மணிக்கட்டு வலிக்கும். நாளைக்கு ஒரு செயலி, ‘பழைய பதிவுகளைக் கொடுங்கள், இந்த ஆண்டு நிலையை நானே சொல்கிறேன்’ என்று வந்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? ஒரு பயிற்சி ஆசிரியர் நேர்மையாகவே சொன்னார், “வாங்கிக்குவேன் சார்.” அவர் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்தது. தப்பான நிலை விழுந்த பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் யோசிக்கத் தொடங்கினார்.

‘நாங்களே பயன்படுத்துறோமே?’

மற்ற தயக்கங்களுக்கு விடை சுலபம். கணினி படிக்கவில்லை என்பார்கள். மேலே சொன்ன எதற்கும் நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பாடத்தில் நடத்துவது என்பார்கள். நன்னெறிக் கல்வி இருக்கிறது, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் இருக்கிறது, தமிழ்மொழியில் மரபுத்தொடர் நடத்தும்போதே ‘கம்பி நீட்டுதல்’ கதையைச் சொல்லலாம். நேரம் இல்லை என்பார்கள். அது உண்மை, அதற்கு என்னிடமும் விடை இல்லை.

ஆனால் அந்தச் சிறுமி கேட்டது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. ஆசிரியர் எழுதலாம், மாணவன் எழுதக் கூடாதா? என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு வேலை எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாடத்திட்டம் நல்ல பாடம் நடப்பதற்காக. அதற்கு நண்பரைக் கேட்கலாம், பழைய கோப்பைப் புரட்டலாம், செயலியையும் கேட்கலாம். கீழே கையெழுத்துப் போடுகிறவர் அதற்குப் பொறுப்பேற்றால் சரி. கட்டுரை அப்படி இல்லை. நாற்பது வரி எழுதும்போது அந்தப் பிள்ளைக்குள் நடக்கிற வேலைதான் கட்டுரையின் பயன். கடைசியில் கைக்கு வரும் தாளால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. திடலைச் சுற்றி ஓடச் சொன்னால் மோட்டார் சைக்கிளில் சுற்றி வருவதுபோலத்தான்.

இதை நான் சிற்றுண்டிச்சாலையில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லி முடித்தேன். பயிற்சி ஆசிரியை ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “ஆனா சார், நான் இன்னும் பயிற்சியிலதானே இருக்கேன்? பாடத்திட்டம் எழுதப் பழகத்தானே இங்க அனுப்பியிருக்காங்க. அப்ப நானும் அந்தப் பையன் உக்காந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்” என்றார். நான் யோசிக்காத ஒன்று. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் செயலியின் திட்டத்தைப் பார்த்ததும், இந்த நடவடிக்கைக்கு 15 நிமிடம் போதாது என்று சொல்லிவிடுவார். எழுதிப் பழகாதவருக்கு அது தெரியாது. அடுத்த நாளிலிருந்து அவர் முதல் வரைவைக் கையால் எழுதிவிட்டு அப்புறம் செயலியிடம் குறை கேட்கத் தொடங்கினார். வகுப்பிலும் அதை மறைக்காமல் சொன்னார்.

வீட்டு அட்டைகள்

இரண்டு வாரம் கழித்து நன்னெறிப் பாடத்தில் அவர் நடத்தியதை இங்கே எழுதிவிடுகிறேன். கணினி வேண்டாம். இருபது அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். பத்தில் வீடுகள், மற்றவற்றில் கடை, கோயில், பேருந்து நிலையம் மாதிரி வேறு கட்டடங்கள். நான்கு பிள்ளைகள் ‘இயந்திரம்’. அட்டைகளைப் பார்த்து எது வீடு என்று சொல்ல ஒரு விதியை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுப் படங்கள் எல்லாமே தாமான் வீடுகளும் பங்களாக்களும்தான். கொஞ்ச நேரத்தில் விதி தயார்: முன்னால் கேட் இருக்கும், மேலே கூரை தெரியும், கார் நிறுத்த இடம் இருக்கும்.

அப்புறம் புதிய அட்டைகள். தூண் மேல் நிற்கும் கம்பத்து வீடு வந்தது. கேட் இல்லை. இயந்திரம், “வீடு இல்லை” என்றது. வகுப்பு சிரித்தது. அடுக்குமாடி வந்தது. “வீடு இல்லை, ஆபீஸ்.” இந்தமுறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையிலிருந்து மாட்டு வண்டிக் கட்டுரைக்காரன் எழுந்து, “அப்ப நாங்க இருக்கிறது வீடு இல்லையா?” என்றான். தாத்தா மட்டுமில்லை, அவர்களும் அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள்.

இது யார் தப்பு என்று ஆசிரியை கேட்டார். இயந்திரமாக இருந்த நால்வர் தங்கள் மேல் தப்பே இல்லை என்று சாதித்தார்கள், அவர்களுக்குக் காட்டியது அவ்வளவுதானாம். விதியை ஒருமுறை சரிபார்த்திருக்கலாம் என்றது ஒரு கூட்டம். சிரித்தவர்கள் மேலும் தப்பு இருக்கிறது என்றான் ஒருவன். அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே பெண்பிள்ளை கடைசியில் எழுந்து, “அட்ட எடுத்தது நீங்கதானே டீச்சர்?” என்றாள். ஆமாம், நான்தான் என்றார் ஆசிரியை.

வகுப்பு முடிந்ததும், அருமையான பாடம், இதே அட்டைகளை அடுத்த வகுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “அவன் எந்திரிச்சப்ப அவன் முகத்தப் பாத்தீங்களா சார்? பாடம் நடத்த ஒரு பிள்ளையோட வீட்ட இல்லன்னு சொல்லவச்சிட்டேன்.” விடுபட்டால்தானே கேள்வி வரும் என்று நான் வாதாடிப் பார்த்தேன். விடுபட ஏதாவது ஒரு படம் வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்று மாலை புலனத்தில் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம், நீளமான தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் கதவுகள். மூன்றாவது கதவு முன்னால் நீலப் பாவாடையில் ஒரு சின்னப் பெண்.

“நான் பொறந்த லயம் சார். அடுத்த வகுப்புல இதத்தான் காட்டப் போறேன்.”